பழைய ஐ3 லேப்டாப்பில் வாலரண்டா, சிஎஸ் 2வா, டோட்டாவா?

அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு என் பழைய லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். இரண்டே நாளில் போன். "மாமா, இதுல வாலரண்ட் ஓடுமா? இல்ல, சிஎஸ் 2 போடட்டுமா?" இரண்டும் இணையத்தில் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டங்கள்; சிஎஸ் என்றால் கவுண்டர்-ஸ்ட்ரைக். படிக்கத்தானே வாங்கினாய் என்று கேட்டிருக்கலாம். அந்த வயதில் பிரவுசிங் சென்டரில் சிஎஸ் 1.6 ஆடியே காசைக் கரைத்தவன் நான், எந்த வாயால் கேட்பது?

முதலில் லேப்டாப்பின் ஜாதகம். இன்டெல் ஐ3-3110எம், 2012இல் வந்த சிப். 2 கோர், 4 த்ரெட் (ஒரே நேரத்தில் நான்கு வேலை), 2.4 கிகாஹெர்ட்ஸ்; தேவைப்பட்டால் வேகம் கூட்டும் டர்போ கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, சிப்புக்குள்ளேயே இருக்கும் எச்டி 4000தான். 4 ஜிபி ரேம், ஒரே ஸ்லாட்டில். கிறுகிறுவென்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். திரை 1366×768. பட்ஜெட் லேப்டாப் என்று அன்று விற்றதெல்லாம் ஏறக்குறைய இதே சாமான்தான்.

சிஎஸ் 2வை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2023 செப்டம்பர் 27 அன்று, முந்தைய ஆட்டமான சிஎஸ்கோவின் இடத்தில் இது வந்து உட்கார்ந்தது. சிஎஸ்கோ 2 ஜிபி ரேமும் 15 ஜிபி இடமும் கேட்ட ஆட்டம். அந்த நினைப்பில் பலர் இதையும் இறக்குகிறார்கள். இதுவோ 8 ஜிபி ரேமும் 85 ஜிபி இடமும் கேட்கிறது. 4 த்ரெட் வேண்டும் என்கிறது, நம்மிடம் இருக்கிறது. படம் வரைய விண்டோஸ் தரும் டைரக்ட்எக்ஸ் 11 வேண்டும் என்கிறது, எச்டி 4000இல் அதுவும் இருக்கிறது. ரேமைத் தவிர மற்றதெல்லாம் காகிதத்தில் தேறியதாகத் தெரிவதுதான் வம்பு. இன்ஸ்டால் ஆகும், மெனு வரும், மேட்சுக்குள் போய் யாராவது புகைக்குண்டு வீசியதும் படம் ஸ்லைடு ஷோவாகிவிடும். இலவசம்தானே என்று 85 ஜிபி டேட்டாவைக் கரைத்தபின் இது தெரிவது வயிற்றெரிச்சல்.

வாலரண்ட் நேர் எதிர். பழைய சிப்புகளிலும் ஓட வேண்டும் என்பதை மனதில் வைத்தே செய்த ஆட்டம் இது. 2020 ஜூனில் வெளியானபோது, 30 எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 30 படம்) குறைந்தபட்சத் தகுதியாக, அதைச் செய்த ரயட் நிறுவனம் சொன்னது எச்டி 4000, 4 ஜிபி ரேம். நம் லேப்டாப்பைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கிறது, இல்லையா? சுவர்கள் வழவழ, நிழல்கள் குறைவு, கார்ட்டூன் சாயல். அழகுக்காக மட்டுமல்ல, சிப்பின் சுமையைக் குறைக்கவும்தான். 2025 ஜூலையில், ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை மென்பொருள் அன்ரியல் இன்ஜின் 5க்கு மாறியபின்னும் இதன் தோற்றம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் இதன் சிக்கல் வேறு இடத்தில். வேன்கார்ட் என்ற காவல்காரன் கூடவே வருவான். ஏமாற்று வேலையைப் பிடிக்கும் மென்பொருள். கம்ப்யூட்டர் எழும்போதே விண்டோஸின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான மென்பொருளோடு மட்டும் எழவைக்கும் செக்யூர் பூட் இரண்டும் இருந்தால்தான் உள்ளே விடும். 2012 லேப்டாப்பில் டிபிஎம் 2.0வுக்கு எங்கே போவது? குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால், எழுதப் படிக்க அது போதும், வாலரண்டுக்கு ஆகாது. எனவே விண்டோஸ் 10இலேயே இருக்க வேண்டும். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தரும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆட்டத்துக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. அதே லேப்டாப்பில் பேங்க் வேலை பார்க்காதே என்று சொல்லிவைத்தேன். லினக்ஸ் பக்கம் போகலாமே என்றால், அங்கே வேன்கார்ட் வராது, எனவே வாலரண்டும் வராது.

டோட்டா 2 இரண்டுக்கும் நடுவில். 4 ஜிபி ரேம், 2.8 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர், 60 ஜிபி இடம் என்பது, அதைச் செய்த வால்வ் நிறுவனத்தின் கணக்கு. மேலிருந்து பார்க்கும் ஆட்டம், துப்பாக்கிக் குறி கிடையாது, அதனால் 30 எஃப்பிஎஸ்ஸிலும் ஆடலாம். பத்து ஹீரோக்களும் ஒரே இடத்தில் மோதி மந்திரங்களைக் கொட்டும்போதுதான் திக்கும். எனக்குப் பெரிய பயம் அதுவல்ல. ஒரு மேட்ச் முக்கால் மணி நேரம் இழுக்கும். நடுவில் லேப்டாப் சூடாகி நின்றால், ஹார்ட் டிஸ்க் மெதுவாக எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி நீங்கள் திரும்பி வருவதற்குள் அணி தோற்றிருக்கும். பாதியில் விட்டவர் என்ற பேரும், தண்டனை வரிசையில் காத்திருப்பும் வேறு.

ஃபோன் ஆட்டத்தை எமுலேட்டரில் ஆடலாமே என்று அவனுக்கு இன்னொரு யோசனை. ஒரு முழு ஆண்ட்ராய்டையே விண்டோஸுக்குள் ஓட்டுவது அது. 4 ஜிபியில் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

சரி, வாலரண்ட்தான். அதற்கு எதில் காசு போடுவது? எல்லோரும் எஸ்எஸ்டி என்பார்கள். அதனால் மேப் சீக்கிரம் திறக்கும், விண்டோஸ் சுறுசுறுப்பாகும். ஆனால் எஃப்பிஎஸ் ஏறாது. என் ஓட்டு இரண்டாவது ரேமுக்கே. எச்டி 4000க்குச் சொந்த நினைவகம் இல்லை, ரேமிலிருந்துதான் கடன் வாங்குகிறது. ஒரே ஸ்லாட்டில் டிடிஆர்3-1600 (அந்தக் காலத்து வகை) ரேம் இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி வரைதான் வந்துபோகும். இரண்டாவது ஸ்லாட்டிலும் அதே வேக ரேமைப் போட்டால் 25.6. ஒற்றை வழிச் சாலையை இருவழியாக்குவதுபோலத்தான். பழைய டிடிஆர்3 ரேம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். அதற்கடுத்த வகையான டிடிஆர்4ஐத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அது இந்த ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. போகிறபோக்கில் ஃபேனைத் தூசி தட்டி, சிப்பின் மேல், சூட்டைக் கடத்தும் காய்ந்துபோன பேஸ்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரேம் போட்டபின் மறுபடி போன். "மாமா, இன்னும் லேக் அடிக்குது." வீடியோ காலில் காட்டச் சொன்னேன். எஃப்பிஎஸ் 40ஐ ஒட்டி ஒழுங்காக நின்றது, பிங்தான், அதாவது சர்வருக்குப் போய்வரும் நேரம்தான், குதித்துக்கொண்டிருந்தது. வாலரண்டின் சர்வர் மும்பையில் இருக்கிறது, அது அவ்வளவு தூரமில்லை. குறை ஹாலுக்கும் அவன் அறைக்கும் நடுவே. அந்தக் காலத்து வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும், அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் அதே வழியில்தான் முட்டி மோதும். லேப்டாப்பின் பக்கவாட்டில் லேன் போர்ட் இருக்கிறது பார், ஒரு கேபிள் வாங்கி இழு என்றேன். இப்போது அக்காவிடமிருந்து போன் வருகிறது, ஹாலின் குறுக்கே கிடக்கும் ஒயரை எப்போது எடுப்பான் என்று.