ஜான்ஸ்டவுன் வெள்ள நினைவிடம்: பணக்காரங்க மீன் பிடிக்க வச்சிருந்த அணையோட மிச்சம்

அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்து பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலுக்கு நம்மாளுங்க எங்கெங்கிருந்தோ கார் எடுத்துட்டு வர்றாங்க, தரிசனம் முடிச்சு புளியோதரை சாப்பிட்டு அப்படியே திரும்பிடறாங்க. அங்கிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினா சவுத் ஃபோர்க்னு ஒரு சின்ன ஊர் வரும். நேஷனல் பார்க் சர்வீஸ் பராமரிக்கற இடம், டிக்கெட் கிடையாது. 1889 மே 31ல உடைஞ்சு, கீழ இருந்த ஜான்ஸ்டவுன் ஊரை அடிச்சுட்டு போய் 2,209 பேரை கொன்ன அணையோட ரெண்டு கரையும் அங்க அப்படியே நிக்குது. அரசாங்க அணைன்னு நினைச்சிடாதீங்க, ஒரு தனியார் கிளப் படகு விடவும் மீன் பிடிக்கவும் வச்சிருந்த அணை அது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

முதல்ல விசிட்டர் சென்டருக்கு போயிடுங்க. உள்ள ஒரு குறும்படம் போடறாங்க, ரொம்ப சின்ன பசங்க பயந்துடுவாங்க, மத்தவங்க கண்டிப்பா பாக்கணும். வெள்ளம் எந்தெந்த ஊர் வழியா போச்சுன்னு காட்டற மேப் இருக்கு. விக்டர் ஹைசர்னு 16 வயசு பையன் கதையையும் அங்க தெரிஞ்சுக்கலாம், அப்பா அம்மா ரெண்டு பேரையும் தண்ணி கொண்டு போயிடுச்சு, இவன் மட்டும் கொட்டகை கூரை மேல ஏறி தப்பிச்சான், பின்னாடி டாக்டராகி பிலிப்பைன்ஸ்ல தொழுநோயாளிங்களுக்காக வேலை பார்த்தவர். ஆனா உள்ளயே முழு நேரத்தையும் செலவு பண்ணிடாதீங்க, முக்கியமான விஷயம் வெளியதான் இருக்கு. கரை வரைக்கும் நடந்து போய் அந்த ஓட்டை முன்னாடி நின்னு பாருங்க. 72 அடி உயரம், 900 அடிக்கு மேல நீளம் இருந்த மண் கரை, நடுவுல மட்டும் காணோம். ஒரு காலத்துல ரெண்டு மைல் நீளத்துக்கு ஏரி இருந்த பள்ளத்துல இப்ப புல்லும் மரமுமா இருக்கு, நடுவுல ரயில் போகுது.

இந்த அணையை கட்டினது என்னமோ மாநில அரசாங்கம்தான், கால்வாய்ல படகு போக தண்ணி சேர்த்து வைக்கறதுக்காக 1838ல ஆரம்பிச்சு 1853ல முடிச்சாங்க. முடிக்கறதுக்குள்ள ரயில் வந்துடுச்சு, கால்வாய்க்கு வேலை இல்லாம போச்சு, அணை கை மாறி கை மாறி 1862ல ஒரு தடவை பாதி உடைஞ்சு கவனிக்க ஆளில்லாம கிடந்துச்சு. அடியில மதகு மாதிரி அஞ்சு பெரிய இரும்பு குழாய் இருந்தது, வேணும்னா அதை திறந்து ஏரியை காலி பண்ணலாம், கிளப் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அதை பிடுங்கி பழைய இரும்புக்கு வித்துட்டாங்க. 1879ல சவுத் ஃபோர்க் ஃபிஷிங் அண்ட் ஹண்டிங் கிளப்புக்காக வாங்கினாங்க, கார்னகி, ஃப்ரிக், மெலன்னு பிட்ஸ்பர்க்கோட பெரிய பணக்கார முதலாளிங்க எல்லாம் அதுல மெம்பர். குழாய் திரும்ப வைக்கல. பழைய உடைப்பை மண்ணு, வைக்கோல், மரக்கிளை, குதிரை சாணின்னு கையில கிடைச்சதை போட்டு அடைச்சாங்க, சரியான இன்ஜினியர் ஒருத்தர் நின்னு பார்த்து செஞ்ச வேலை இல்ல அது. கரை மேல ரெண்டு குதிரை வண்டி எதிரெதிரா போகணும்னு கரையோட உயரத்தையே சில அடி குறைச்சாங்க. இது எல்லாத்துக்கும் மேல, காசு குடுத்து வாங்கி விட்ட மீன் வெளிய போயிடக்கூடாதுன்னு, ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கலிங்குல இரும்பு வலை அடிச்சாங்க.

நம்மூர் ஏரிப் பாசனத்தை பார்த்து வளர்ந்தவங்களுக்கு கலிங்கை அடைச்சா என்ன ஆகும்னு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல. மண் கரை மேல தண்ணி ஏறி வழிஞ்சா கரை கரைஞ்சு போகும், அதுக்காகத்தான் கலிங்குன்னு ஒண்ணு வைக்கறதே. இங்க கரையை குறைச்சாச்சு, கலிங்குல வலை, அடியில குழாய் இல்ல, தண்ணி ஏறினா இறக்க ஒரு வழியும் மிச்சம் வைக்கல. கீழ ஜான்ஸ்டவுன்ல இரும்பு ஆலை நடத்தின டேனியல் மோரல் 1880லயே தன்கிட்ட இருந்த இன்ஜினியர் ஜான் ஃபுல்டனை அனுப்பி பார்க்க சொன்னாரு, குழாய் இல்லாததையும் கசிவையும் ஃபுல்டன் எழுதியே குடுத்தாரு, மோரல் ரிப்பேர் செலவுல பங்கு தர்றேன்னு கூட சொன்னாரு. உங்களுக்கு எங்களால ஒரு ஆபத்தும் இல்லைன்னு கிளப் தலைவர் பதில் எழுதி அனுப்பிட்டாரு. எனக்கு மனசு ஆறவே இல்லாத இடம் இதுதான். மழையை யாரும் நிறுத்த முடியாது, ஆனா ஒன்பது வருஷம் முன்னாடியே ஒருத்தர் வந்து சொல்லிட்டு போயிருக்காரு.

அன்னிக்கு காலையில ஏரி கிடுகிடுன்னு ஏறுது, அப்ப கிளப் தலைவரா இருந்த எலியாஸ் அங்கர் ஆளுங்களை கூட்டிட்டு கரை மேல மண்ணள்ளி போட்டு உயர்த்த பார்க்கறாரு, இன்னொரு ஓரத்துல புதுசா ஒரு வாய்க்கால் வெட்டறாங்க, கடினமான தரை, ஆழம் போகல. மீன் வலையில குப்பை கூளம் எல்லாம் வந்து அடைஞ்சு நிக்குது, அதை எடுக்க பார்த்தா வரல. ஜான் பார்க்னு ஒரு சின்ன வயசு இன்ஜினியர் குதிரையில கீழ ஊருக்கு ஓடி தந்தி அடிக்க சொல்றாரு, ஆனா அணை உடையப்போகுதுன்னு வருஷா வருஷம் கேட்டு பழகின ஜனங்க, பெருசா யாரும் அசையல. மதியம் மூணு மணி வாக்குல கரை போச்சு. 2 கோடி டன் தண்ணி, 14 மைல் தள்ளி இருந்த ஜான்ஸ்டவுனுக்கு 4.07க்கு வந்து சேர்ந்துச்சு. அங்க கல் பாலத்துல வீடு, மரம், ரயில் பெட்டி, முள்கம்பின்னு எல்லாம் குவிஞ்சு அதுல தீயும் பிடிச்சுக்கிச்சு. 99 குடும்பத்துல ஒருத்தர் கூட மிஞ்சல. அடையாளமே தெரியாம புதைச்சவங்க மட்டும் 700 பேருக்கு மேல, கிராண்ட்வியூ கல்லறையில பேர் இல்லாத வெள்ளைக் கல்லா வரிசையா இருக்கு, நேரம் இருந்தா அங்கயும் போங்க.

கேஸ் போட்டாங்க, கடவுள் செயல்னு போயிடுச்சு, கிளப் மெம்பர் ஒருத்தர் கூட கோர்ட்ல பொறுப்பாளின்னு ஆகல. ஆபத்தான ஒண்ணை தன் இடத்துல வச்சிருக்கறவன், தப்பு பண்ணான்னு தனியா நிரூபிக்காட்டியும் நஷ்டத்துக்கு பொறுப்புங்கற பக்கம் அமெரிக்க கோர்ட்டுங்க மெல்ல திரும்பினதுக்கு இந்த வெள்ளமும் ஒரு காரணம்.

இது ஏதோ 19ஆம் நூற்றாண்டு கதைன்னு விட்டுடாதீங்க. அமெரிக்காவுல கணக்குல இருக்கற 90,000த்துக்கு மேற்பட்ட அணையில பாதிக்கு மேல தனியாருது, நிறைய அணை சும்மா படகு விட, நீச்சல் அடிக்கத்தான். 1977 நவம்பர்ல ஜார்ஜியா டொக்கோவாவுல கெல்லி பார்ன்ஸ் அணை ராத்திரியில உடைஞ்சு 39 பேர் செத்தாங்க, அது ஒரு பைபிள் காலேஜுக்கு சொந்தம், கரண்ட் எடுக்கறதை நிறுத்தினதுக்கு அப்புறம் அந்த ஏரி வெறும் பொழுதுபோக்குக்குத்தான் இருந்தது. அதுக்கப்புறம்தான் அப்ப அதிபரா இருந்த ஜிம்மி கார்ட்டர் இந்த மாதிரி அணைங்களை சோதிக்க உத்தரவு போட்டாரு. 2020 மே மாசம் மிச்சிகன்ல தனியார் கையில இருந்த ஈடன்வில் அணை போச்சு, கலிங்கு பத்தாதுன்னு 2018லயே மத்திய அரசு லைசன்ஸை பிடுங்கின அணை அது, 10,000 பேரை முன்கூட்டியே வெளியேத்தினதால உயிர் தப்பிச்சுது.

சம்மர்ல ஒரு லேக் காட்டேஜ் வாடகைக்கு எடுத்தோம், பேர் வேணாம், அங்க கரை சரிவு முழுக்க மரம், கலிங்கு வாயில பலகை சொருகி தண்ணியை உசத்தி வச்சிருக்காங்க, படகுத்துறைக்கு ஆழம் வேணுமாம், பலகை மேல இலையும் பிளாஸ்டிக் பாட்டிலும் அடைஞ்சு கிடக்கு. கரைக்கு கீழ ஓடை ஓரத்துல ரெண்டு வீடு, வாசல்ல குழந்தைங்க சைக்கிள். ஏரியை காலி பண்ண வால்வு எங்கன்னு கேட்டா பார்த்துக்கறவருக்கு தெரியல. சவுத் ஃபோர்க் போயிட்டு வந்தவங்க யாரும் இதை பார்த்துட்டு சும்மா வரமாட்டாங்க. மாநில அணை பாதுகாப்பு ஆபீஸுக்கு போட்டோவோட மெயில் போட்டுட்டேன், நீங்களும் போடுங்க, அது நம்ம வேலை இல்லைன்னு நினைக்காதீங்க.

காட்டேஜ் புக் பண்றதுக்கு முன்னாடி நேஷனல் இன்வென்டரி ஆஃப் டேம்ஸ்ங்கற அமெரிக்க அரசாங்கத்தோட அணைப் பட்டியல் சைட்ல அந்த அணை இருக்கான்னு தேடி பாருங்க, காசு வேணாம். ஹை ஹசார்டுன்னு போட்டிருந்தா அணை மோசம்னு அர்த்தம் இல்ல, உடைஞ்சா கீழ உயிர் போகும்னு அர்த்தம், அப்ப அவசரத் திட்டம் இருக்கா, கடைசியா எப்ப சோதிச்சாங்கன்னு ஓனர்கிட்ட கேளுங்க. கரையடியில கலங்கலா தண்ணி வந்தா, கரை நடுவுல தாழ்ந்து இருந்தா, எலி வளை மாதிரி ஓட்டை இருந்தா உடனே சொல்லணும்.

இனி போறவங்களுக்கு. சாப்பாட்டு கடை உள்ள இல்ல, கட்டி எடுத்துட்டு போங்க. நல்ல ஷூ போடுங்க, மழை பெஞ்சா பாதை வழுக்கும். கிளப்போட பழைய கட்டடம் பக்கத்துல செயின்ட் மைக்கேல்ல இருக்கு, காரை நிறுத்திட்டு வெளிய இருந்தாவது பாருங்க. ஜான்ஸ்டவுன் ஊருக்குள்ள வெள்ள மியூசியம் தனியா இருக்கு, கார்னகி குடுத்த பணத்துல கட்டின பழைய லைப்ரரி கட்டடம், அதுக்கு டிக்கெட் உண்டு. ரெண்டையும் ஒரே நாள்ல பார்க்கணும்னா காலையிலயே அணைக்கு போயிடுங்க, மதியத்துக்கு மேல ஊருக்குள்ள வாங்க, தண்ணி வந்த வழியும் அதான்.