வாய்ப்புற்று: நவ்யா இணையவழிக் கருத்துச் சேவை எங்கே கைகொடுக்கும்?

மும்பை டாடா மெமோரியல் மையத்தோடும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்போடும் (புற்றுநோய் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு) சேர்ந்து நவ்யா என்ற நிறுவனம் நடத்தும் சேவை இது. பயாப்சி (சதைத் துணுக்குச் சோதனை), ஸ்கேன் அறிக்கைகளை ஏற்றினால், நிபுணர்கள் பார்த்து எந்தச் சிகிச்சை என்று எழுத்தில் தருகிறார்கள். மும்பைக்கு ரயிலேற வேண்டியதில்லை.

ஆனால் அரைகுறைத் தாள்களை அனுப்பினால் பதிலும் அரைகுறைதான். 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' (வாய்ப்புற்றில் வழக்கமாக வரும் வகை) என்ற ஒற்றை வரி போதாது. நாக்கில் என்றால் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே பெரிய கேள்வி. அகலம் 2 செ.மீ.க்குள் இருந்தாலும், ஆழம் 5 மி.மீ.யைத் தாண்டினால் அது டி1 அல்ல, அடுத்த நிலையான டி2 (கட்டியின் அளவைச் சொல்லும் குறியீடு). நாக்குக்கு எம்ஆர்ஐ, தாடை எலும்பை அரித்திருக்கிறதா என்று பார்க்க சிடி ஸ்கேன். இரண்டு வரி அறிக்கையோடு நிற்காமல் ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சேவை அதிகம் உதவுவது கழுத்து விஷயத்தில். "கழுத்துல நெறியே கட்டல, அங்க எதுக்கு அறுக்கணும்?" என்று கேட்காத குடும்பம் இல்லை. இதற்கு விடை தந்த ஆய்வே டாடா மெமோரியலில் நடந்ததுதான். 2015-இல் வெளியான முடிவுப்படி, ஆரம்பநிலைக் கட்டியோடு கழுத்து நெறிகளையும் சேர்த்தே எடுத்தவர்களில் 3 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். நெறி கட்டினால் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம்.

"என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "அறுவைக்கு முன் கீமோ அவசியமா? தாடை எலும்பின் விளிம்பை மட்டும் வெட்டினால் போதுமா, துண்டாகவே எடுக்க வேண்டுமா?" என்று கேளுங்கள். (அறுத்து எடுக்கக்கூடிய வாய்ப்புற்றில் முன்கூட்டிய கீமோ ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.)

எழுத்தால் முடியாததும் உண்டு. நாக்கைத் தொட்டு அழுத்திப் பார்க்கும் விரல் இணையத்தில் கிடையாது. வாய் எத்தனை விரல் திறக்கிறது என்று அளந்து எழுதிவிடுங்கள். குட்கா போட்டவர்களுக்கு வாய் இறுகியிருக்கக்கூடும் என்பதால் இது முக்கியம். பயாப்சி முடிவிலேயே சந்தேகம் என்றால் பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத் துணுக்கு) ஸ்லைடையும் வேறொரு ஆய்வகத்தில் நேரில் கொடுப்பதே வழி.

அறுவைக்குப் பிறகு கருத்துக் கேட்பவர்கள் தாமதிக்கக் கூடாது. வெட்டிய ஓரம் 5 மி.மீ.க்குக் குறைவு, நெறியின் உறையைத் தாண்டிய பரவல் போன்றவை இருந்தால் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டிவரும். பரவல் உறையைத் தாண்டியிருந்தால் கூடவே கீமோவும். அறுவை முடிந்து 6 வாரத்துக்குள் கரண்ட் தொடங்கிவிட வேண்டும். கரண்டுக்கு முன் சொத்தைப் பல்லைப் பிடுங்குவதாக இருந்தால், புண் ஆற இரண்டு வாரத்தையும் அதற்குள்தான் ஒதுக்க வேண்டும்.