ஹவானா கார்: செவர்லேயா, லாடாவா?

கியூபா என்றாலே நினைவுக்கு வரும் படம் ஒன்றுதான். தலைநகர் ஹவானாவின் மலெக்கோன் கடற்கரைச் சாலை, சுவரில் மோதித் தெறிக்கும் அலை, அதன் முன்னால் பளபளவென்று ஒரு 1950களின் அமெரிக்கக் கார். அந்தப் படத்தின் ஓரத்தில் அநேகமாக இன்னொரு காரும் நிற்கும். சதுரமாக, சின்னதாக, வெயிலில் வெளுத்துப்போய். அது சோவியத் நாட்டு லாடா. அதை யாரும் படமெடுக்க மாட்டார்கள்.

பழைய கார் பிரியர்கள் கியூபாவைப் பற்றிப் பேசும்போதும் இதே கதைதான். செவர்லே, பியூக், கேடிலாக் என்று கண்கள் விரியும். லாடா பேச்சிலேயே வராது. இது சரியில்லை என்பது என் எண்ணம். சேகரிப்பவரின் கண்ணோடு பார்த்தால் இந்த இரண்டில் எது உசத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். செவர்லே தரப்புக்கு 1957 பெல் ஏர், லாடா தரப்புக்கு பழைய 2101.

முதலில் இவை எப்படி அங்கே வந்தன என்பது. ஃப்ளோரிடாவிலிருந்து கியூபா சுமார் 90 மைல். 1950களில் ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து ஹவானாவுக்குக் கார்களை ஏற்றிக்கொண்டு கப்பல் போய்வந்தது. அமெரிக்கக் கார்களின் ஊரான டெட்ராய்ட்டில் புது மாடல் வந்தால் ஹவானாவிலும் சீக்கிரமே ஓடும். 1957இல் மலெக்கோனிலேயே கிராண்ட் பிரி கார் பந்தயம் நடந்தது, அர்ஜென்டினாவின் பந்தய வீரர் ஃபாஞ்சியோ ஜெயித்தார்; அடுத்த வருடப் பந்தயத்துக்கு முந்தைய நாள் புரட்சிக்காரர்கள் அவரைக் கடத்திக்கொண்டு போனார்கள், பந்தயம் முடிந்தபின் பத்திரமாக விட்டுவிட்டார்கள். அவ்வளவு கார் பித்துப் பிடித்த ஊர் அது. 1959 ஜனவரி 1 அன்று புரட்சி வென்று, சர்வாதிகாரி பட்டிஸ்டா தப்பி ஓடினார். 1960இல் தொடங்கிய அமெரிக்கத் தடை 1962 பிப்ரவரியில் முழுத் தடையாக இறுகியது. அதோடு புது அமெரிக்கக் கார் வரத்தும் நின்றது, உதிரி பாகமும் நின்றது. அன்று அங்கே இருந்தவற்றில் சுமார் 60,000 கார்கள் இன்னமும் ஓடுகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

லாடா வந்த வழி வேறு. இத்தாலியின் ஃபியட் 124 காரை சோவியத் அரசு 1966இல் ஒப்பந்தம் போட்டு வாங்கி, வோல்கா கரையில் தொல்யாத்தி நகரில் தொழிற்சாலை கட்டி, 1970இல் உற்பத்தியைத் தொடங்கியது. நம்மூரில் பிரீமியர் 118 என்.இ. என்று ஒன்று ஓடியது நினைவிருக்கிறதா? அதுவும் இதே ஃபியட் 124 உடம்புதான், உள்ளே மட்டும் நிஸான் எஞ்சின். அதனால் லாடாவை முதன்முதலில் பார்க்கும் தமிழருக்கு அது அந்நியமாகத் தெரியாது. கியூபாவில் அது போலீஸ் வண்டியாக, அரசு வண்டியாக, டாக்டருக்கும் நன்றாக உழைத்த தொழிலாளிக்கும் கிடைத்த வெகுமதியாக வந்து சேர்ந்தது.

அழகில் போட்டியே இல்லை. பெல் ஏர் ஐந்து மீட்டர் நீளம். மீன் துடுப்பு மாதிரி பின்பக்க வால்கள், அவற்றின் பக்கவாட்டில் கோடு போட்ட அலுமினியத் தகடு, முகப்பில் தங்க நிற வலை. பெட்ரோல் மூடியைத் தேடினால் கிடைக்காது; இடதுபக்க வாலின் ஓரத்தில் உள்ள குரோம் பட்டையைத் திறந்தால் உள்ளே ஒளிந்திருக்கும். அப்படி யோசித்துச் செய்த கார் அது. லாடா நான்கு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும் பெட்டி.

ஆனால் அந்த அழகுக்குக் கீழே இருக்கும் தகடு? ஹவானாவின் கடல் காற்று எதையும் விட்டுவைக்காது. அறுபது வருடத்துக்கும் மேலாக ஓடும் ஒரு செவர்லேயின் உடம்பில் எத்தனை தடவை டிங்கரிங் நடந்திருக்கும், எவ்வளவு பட்டி பூசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தால் பல இடங்களில் ஒட்டாமல் விழும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் திறந்த கூரை வண்டிகளில் நிறைய, கூரையை அறுத்தெடுத்த சாதா கார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. 1957இல் செவர்லே நான்கு கதவு வைத்த கன்வெர்டிபிள் செய்யவே இல்லை. அப்படியொன்று உங்கள் முன் வந்து நின்றால் அது ஹவானா பட்டறையில் பிறந்த வடிவம்.

லாடாவும் துருப்பிடிக்கும். ஆனால் சோவியத் பொறியாளர்கள் ரஷ்யச் சாலைகளை மனதில் வைத்து ஃபியட்டை விடக் கனமான தகடு போட்டார்கள், வண்டியை உயர்த்தினார்கள், சேறு புகுந்து கெடுக்கிறது என்று பின்சக்கர டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். பேட்டரி செத்தால் கையால் சுற்றிக் கிளப்ப ஒரு கைப்பிடியும் கொடுத்தார்கள். பேட்டரி கிடைக்காத நாட்டில் அந்தக் கைப்பிடியின் மதிப்பு தனி.

அடுத்து எஞ்சின். என் முடிவை மாற்றியது இதுதான்.

1957 பெல் ஏர் இரண்டு வகை எஞ்சினோடு வந்தது. 3.9 லிட்டர் ஆறு சிலிண்டர் ஒன்று. இன்னொன்று எட்டு சிலிண்டர் வி8; அதில் பேர்போனது 4.6 லிட்டர். தொழிற்சாலையில் பொறித்த வண்டி எண் 'வி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் வி8 போட்டுப் பிறந்த கார் என்று பொருள். அமெரிக்கச் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்: பிறந்தபோது இருந்த எஞ்சின் இன்னும் இருக்கிறதா? ஹவானாவில் பானெட்டைத் தூக்கினால் பெரும்பாலும் இருக்காது. ஹவானாவில் இந்தக் கார்களை அல்மெந்த்ரோன் என்கிறார்கள், பெரிய பாதாம் கொட்டை என்று அர்த்தம். ஓட்டுபவர் போத்தேரோ. ஒரே தடத்தில் ஆறு, எட்டு பேரை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் போய்வரும் ஷேர் டாக்சி அது. 2010களில் ஒரு சவாரிக்குப் பத்து பெசோ. அந்தக் காசுக்கு வி8 எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படியாகுமா? அதனால் டீசலுக்கு மாறினார்கள். பெர்கின்ஸ், மெர்சிடிஸ், டொயோட்டா, ஹூண்டாய் என்று கைக்குக் கிடைத்ததைப் பொருத்தினார்கள். சிலவற்றில் வோல்கா என்ற சோவியத் காரின் எஞ்சின். எஞ்சின் மாறினால் கியர் பெட்டி மாறும், ரேடியேட்டர் மாறும், பிரேக் மாறும். லாடாவிலிருந்து கழற்றிய பாகங்களும் உள்ளே போகும். கிடைக்காததை லேத்தில் கடைந்தெடுப்பார்கள்.

இந்த வேலையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். 1990களில் அங்கே எரிபொருள் தடை இருந்தபோது பழைய ஒஸ்டினும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டரில் துளி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது சாத்தியமானது. தட்டுப்பாடு உள்ள இடத்தில் மெக்கானிக்தான் தொழிற்சாலை.

ஆனால் சேகரிப்பு என்று வரும்போது கேள்வி வேறாகிறது. ஹவானா செவர்லே வெளியே 1957, உள்ளே கொரிய டீசல். லாடாவின் பானெட்டைத் தூக்கினால் பெரும்பாலும் லாடா எஞ்சின்தான் இருக்கும். 2101இன் 1.2 லிட்டர் போனால் பிந்தைய மாடலின் 1.5 அல்லது 1.6 உட்காரும், எல்லாம் ஒரே குடும்பம். அதனால் இந்த இரண்டில் பிறந்த உருவத்துக்கு அருகில் இருப்பது யாரும் படமெடுக்காத அந்தச் சதுரப் பெட்டிதான். பழைய கார்க்காரர்கள் ஒரிஜினல், ஒரிஜினல் என்று தேடுகிறோமே, ஹவானாவில் அது லாடா வடிவத்தில் தெருவோரம் நிற்கிறது.

சட்டமும் இவற்றை வெவ்வேறு விதமாக நடத்தியது. புரட்சிக்கு முன்பே நாட்டில் இருந்த கார்களை மட்டும்தான் கியூபர்கள் சுதந்திரமாக விற்கலாம், வாங்கலாம். அரசு கொடுத்த லாடாவை ஓட்டலாமே தவிர விற்க முடியாது. 2011 அக்டோபரில்தான் இது மாறியது. அதுவரை செவர்லே என்பது ஒரு குடும்பத்தின் உண்மையான சொத்து, நிலம் மாதிரி. அவ்வளவு பாடுபட்டு அதைக் காப்பாற்றியதற்கு இதுவும் காரணம். 2014இல் அரசு புதுக் கார்களைத் தடையில்லாமல் விற்கத் தொடங்கியபோது ஒரு பீஜோ 508க்குப் போட்ட விலை சுமார் 2,62,000 டாலர். அரசுச் சம்பளம் மாதம் இருபது டாலர் சுமாருக்கு இருந்த காலம் அது. புதுசு எட்டாது என்றால் பழசின் விலை ஏறத்தானே செய்யும்? ரஷ்யாவில் அற்ப விலைக்குப் போகும் 1980களின் லாடா, ஹவானாவில் பத்தாயிரம் டாலருக்கு மேல் போனது.

இனி, வெளிநாட்டிலிருந்து ஆசையோடு பார்ப்பவருக்கு ஒரு விஷயம். பழைய அமெரிக்கக் கார்களை நாட்டின் பாரம்பரியச் சொத்தாகக் கருதி வெளியே கொண்டுபோகக் கியூபா விடுவதில்லை. விட்டாலும் அமெரிக்கத் தடை மறுபக்கம் நிற்கிறது. தடை நீங்கினால் ஹவானா கார்களெல்லாம் தங்க விலைக்குப் போகும் என்று அடிக்கடி கேட்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1957இல் பெல் ஏர் கன்வெர்டிபிள் மட்டுமே நாற்பதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அமெரிக்காவில் 1955 முதல் 1957 வரையிலான செவர்லேவுக்குக் கிடைக்காத பாகமே கிடையாது. முழு உடற்கூடே புதிதாக அடித்துத் தருகிறார்கள். பளபளப்பான பெல் ஏர் வேண்டும் என்றால் அமெரிக்காவில் முறையாகப் புதுப்பித்த ஒன்றை வாங்குவதே சரி. ஹவானா வண்டியைக் கொண்டுபோய் அதே மாதிரி ஆக்க நினைத்தால், அதிலுள்ள டீசலையும் லேத்தில் கடைந்த பாகங்களையும் பிடுங்கி எறிய வேண்டும். அப்புறம் அதில் கியூபா எங்கே இருக்கிறது?

அதனால் செவர்லேக்கு என் பதில்: அங்கேயே இருக்கட்டும், ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஹவானாவில் போத்தேரோவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்வதுதான் அதை அனுபவிக்கும் வழி. ஒருவேளை ஆறு சிலிண்டர் எஞ்சின் மாறாமல், கூரை அறுபடாமல் நான்கு கதவோடு ஒன்று கிடைத்தால் அது அபூர்வம், அதற்கு மட்டும் விதிவிலக்கு.

சேகரிக்க ஒன்று எனக்குத் தருவதாக இருந்தால் லாடாவைத்தான் கேட்பேன். 1970களின் 2101, முடிந்தால் ஒரே வீட்டில் இருந்தது, கிளப்பும் கைப்பிடி தொலையாமல். யாருக்கு, எந்த வேலைக்காக, எந்த வருடம் கொடுத்தார்கள் என்ற கதை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை வாங்கியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். காரோடு சேர்ந்து சேகரிக்க வேண்டியது அதுதான். சோவியத் யூனியன் உடைந்த பிறகு 1990களில் பெட்ரோல் வரத்து வற்றி, ஊரே சீனச் சைக்கிளுக்கு மாறிய வருடங்களை அந்த வண்டி எப்படிக் கடந்தது என்பதையும்.

அந்தப் பக்கம் செவர்லே தன் தடத்தில் போய்க்கொண்டிருக்கும். மாலையில் போத்தேரோ நிறுத்தி, இடதுபக்க வாலின் குரோம் பட்டையைத் திறப்பார். பெட்ரோலுக்காக 1957இல் ஒளித்துவைத்த அந்த மூடியைக் கழற்றி டீசலை ஊற்றுவார்.