ரீசெட்டா, பென் டிரைவா, லினக்ஸா?

குமுளியில் தட்டச்சுக் கடை நடத்துகிறவனுக்கு இரண்டு மொழிகள் சோறு போடுகின்றன. காலையில் கம்பத்திலிருந்து மலையேறி வருபவருக்குத் தமிழில் விண்ணப்பம். மதியம் தேக்கடிச் சாலை விடுதிக்காரருக்கு மலையாளத்தில் வாடகை ஒப்பந்தம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தபோது, கடையின் மூன்று கணினிகளையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவ உட்கார்ந்தேன். மூன்றுக்கும் மூன்று வழி.

முன்மேசைக் கணினியில் ஏற்கெனவே விண்டோஸ் 11 இருந்தது. ஆனால் ஆமை வேகம். அதற்கு ரீசெட், அதாவது இருக்கும் விண்டோஸே தன்னைப் புதிதாக நிறுவிக்கொள்ளும் வழி. பென் டிரைவ் வேண்டாம், கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸ் பக்கம் போக வேண்டாம், செட்டிங்ஸிலேயே முடிந்துவிடும். கிளவுட் டவுன்லோடு என்பதைத் தேர்ந்தால் ஏறக்குறைய 4 ஜிபி இறங்கி, புதிய கோப்புகளைக் கொண்டு நிறுவும். லோக்கல் என்றால் கணினியில் இருக்கும் கோப்புகளையே எடுத்துக் கட்டும். அவை கெட்டுப்போயிருந்தால் பழைய கள், புதிய மொந்தை. நான் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தேன். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் ஒரு பத்திரத்தைத் திறந்தால் 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, இன்னொரு கே, ஒரு ஹெச்! ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் தரும் பாமினி எழுத்துரு போய்விட்டது. மலையாளத்துக்கு வைத்திருந்த எம்எல்-டிடி கார்த்திகாவும் போய்விட்டது. இரண்டும் சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்தவை. 'என் கோப்புகள்' என்ற கணக்கில் அவை சேராது. வாடிக்கையாளர் எதிரில் நிற்கிறார், அவரை ஏற்றிவந்த ஜீப் வெளியே ஹாரன் அடிக்கிறது. தப்பு என்னுடையதுதான். நல்லவேளை, பழைய பென் டிரைவ் ஒன்றில் இரண்டும் கிடந்தன.

இரண்டாவது, மடிக்கணினி. அதில் விண்டோஸ் 10 தான் இருந்தது. இங்கேதான் முறையான புதுநிறுவல் செய்தேன். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றினேன். (பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும், கல்யாணப் படங்களை அதில் வைத்திருக்காதீர்கள்.) கணினியை முடுக்கும்போது எஃப்12-ஐத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரும், சில மாடல்களில் எஃப்9 அல்லது எஸ்கேப். பிறகு வட்டுப் பகுதிகளைக் காட்டும் திரை வர வேண்டும். எனக்கு அந்தப் பட்டியல் காலி. வட்டு செத்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் இப்படித்தான்: வட்டை அடையாளம் காட்டும் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை அதே பென் டிரைவில் போட்டுவைத்து 'லோட் டிரைவர்' அழுத்தினால்தான் வட்டு கண்ணில் படும். பட்டதும் அந்த வட்டின் பகுதிகளை ஒவ்வொன்றாக அழித்து, ஒரே வெற்றிடமாக்கி, அதையே தேர்ந்தெடுத்தேன். வேறு வட்டு இணைந்திருந்தால் இந்தத் திரைக்கு வருமுன்பே கழற்றிவிடுங்கள். உரிம எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது, இணையம் கிடைத்ததும் தானே உயிர்பெறும். ஹோம் இருந்த இடத்தில் ஹோம், ப்ரோ இருந்த இடத்தில் ப்ரோ என்று அதே பதிப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலை கூடுதல், பதற்றமும் கூடுதல். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. ரீசெட் பழைய பகுதி அமைப்பை அப்படியே விட்டுவைக்கும். இதில் எதுவும் மிஞ்சாது. எந்த வழியானாலும் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள், குமுளி மழைக்கு மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாவது, ஏழாம் தலைமுறை ஐ3 மேசைக்கணினி. விண்டோஸ் 11-இன் பட்டியலில் அந்தச் செயலிக்கு இடமில்லை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். குறுக்குவழி உண்டு, பத்திரம் அடிக்கும் கணினியில் அது எனக்கு வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டேன். மற்ற இரண்டு வழிகளுக்கும் இல்லாத வசதி இதற்கு உண்டு: நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபை, ஒலி, ஸ்கேனர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். பாமினி, கார்த்திகா கோப்புகளை எழுத்துருக் கோப்புறையில் போட்டதும் பழைய பத்திரங்கள் ஒழுங்காகத் திறந்தன. பக்கத்துக் கடைக்காரரின் மகள் வந்து, கேட்காமலே லிப்ரே ஆபீஸைத் திறந்து பள்ளிக் கட்டுரையை அடிக்கத் தொடங்கினாள். கேரள அரசுப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸ்தான். "எங்கள் பள்ளியிலும் இதுதான், மாமா" என்றாள்.

என் பழைய லேசர் பிரிண்டர் மட்டும் லினக்ஸோடு ஒத்துவரவே இல்லை. அங்கே அடித்து, பிடிஎஃப் ஆக்கி, முன்மேசைக்கு அனுப்பி அச்செடுக்கிறேன். நாலடி தூரம்தான்.