பழைய வைர நிச்சயதார்த்த மோதிரம்: விற்பதா, மாற்றிக் கட்டுவதா, மறுபடி பட்டை தீட்டுவதா?

நடுக்கல் சிறியதென்றால் விற்பதைவிட மாற்றிக் கட்டுவதே (கல்லைக் கழற்றி வேறு மோதிரத்தில் பதிப்பதே) மேல். வாங்கிய விலையில் செய்கூலி, கடை லாபம், வரி எல்லாம் அடக்கம். திருப்பி வாங்குபவரோ மொத்த வியாபார விலைக்கும் கீழேதான் கேட்பார். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் மலிந்த பிறகு இது இன்னும் மோசம். பழைய தங்கம் எடுப்பவர் உலோக எடைக்கு மட்டும் பணம் தருவார் (18 காரட்டில் 75 சதவீதம் தங்கம், 14 காரட்டில் 58.5). சுற்றியுள்ள பொடிக் கற்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேறாது.

விற்பதாகவே முடிவு செய்தால், போகும் முன் வட்டக் கல்லின் எடையை நீங்களே கணக்கிடுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை ஆழத்தாலும் 0.0061-ஆலும் பெருக்கினால் உத்தேச எடை வரும். விட்டம் 6.5 மி.மீ., ஆழம் 3.9 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1 கேரட் (இது கல்லின் எடை அளவு; தங்கத்தின் தரத்தைச் சொல்லும் காரட் வேறு). சான்றிதழ் இருந்தால் கல்லின் இடுப்பு விளிம்பில் (மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பு) லேசரால் பொறித்த எண் இருக்கிறதா, ஒத்துப்போகிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

மாற்றிக் கட்டும்போது கவனம் முழுவதும் கல் மேல் இருக்கட்டும். வைரம் எளிதில் கீறாது, ஆனால் உடையும். இடுப்பு விளிம்பும் சதுரக் கல்லின் மூலைகளும்தான் முதலில் சிதறும். 10 மடங்கு லென்ஸில் பார்த்து, உள்ளே இருக்கும் புள்ளிகளையும் விளிம்பில் உள்ள சில்லுகளையும் வரைந்து, படமும் எடுத்து வைத்துக்கொண்டு பட்டறையில் கொடுங்கள். தேய்ந்த பிடிகம்பிகளை நெம்பினால் அழுத்தம் விளிம்பில் விழும். வெட்டிக் கழற்றச் சொல்லுங்கள். விளிம்பில் சில்லு இருந்தால் கம்பிப் பிடிப்பு வேண்டாம், சுற்றிலும் தகடு மடக்கிக் கட்டுவதே காப்பு. விரிசலில் கண்ணாடி நிரப்பிய வைரத்தின் அருகே தீயே போகக்கூடாது. நிரப்பு கெட்டு, மறைந்திருந்த விரிசல் கண்ணுக்குத் தெரியும்.

பழைய தங்கத்தையே உருக்கி வார்க்கலாமா? பழுதுபார்த்தபோது வைத்த பற்றுப்பொடி (ஒட்டவைக்கும் கலப்பு உலோகம்) அதில் கலந்திருக்கும். வார்ப்பில் துளை விழும், வளைத்தால் விரிசல் விடும். சுத்திகரிக்காமல் உருக்கக் கூடாது.

மறுபடி பட்டை தீட்டுவது கடைசி வழி. எடை கட்டாயம் குறையும். 1 கேரட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் விலையும் சட்டென்று விழும். அடியில் சிறு வட்டமாகத் தட்டைமுகம் தெரியும் பழைய ஐரோப்பிய வெட்டுக் கல் கிடைத்திருந்தால் தயவுசெய்து தீட்டாதீர்கள். அதைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பழைய நகை வணிகரிடம் மோதிரத்தோடு முழுதாகக் காட்டுங்கள்.