ரூபார்ப் தண்டு கைக்கு வந்தால்: க்ரம்பிளா, பையா, கவிழ்ப்புக் கேக்கா?

ரூபார்ப் என்பது தண்டை மட்டும் பழம்போல் சமைக்கிற ஒரு புளிப்புச் செடி. பிப்ரவரியில் இங்கிலாந்துக் கடைகளுக்கு வரும் ரூபார்ப்பும் மே மாதம் தோட்டத்தில் பிடுங்கும் ரூபார்ப்பும் பேரளவில்தான் ஒன்று. முதலாவது சுண்டுவிரல் தடிமன், அடி முதல் நுனி வரை ரோஜா நிறம், நகம் பட்டாலே கிள்ளுப்படும். இரண்டாவது கட்டைவிரலைவிடத் தடிப்பு, பாதி சிவப்பு, பாதி பச்சை, ஒடித்தால் நார் தொங்கும், புளிப்பும் ஒரு படி கூட. செய்முறை தேடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. எல்லாச் செய்முறையிலும் '500 கிராம் ரூபார்ப்' என்றுதான் இருக்கும். ரூபார்ப் பலகாரம் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஒற்றை வரியில்தான்.

பிப்ரவரித் தண்டின் கதை தனி. மேற்கு யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்ட், மார்லி, ராத்வெல் ஊர்களுக்கு இடையே ஒன்பது சதுர மைல் அளவில் 'ரூபார்ப் முக்கோணம்' இருக்கிறது. செடியை இரண்டு வருடம் அறுவடை செய்யாமல் வயலில் விட்டு, உறைபனி பட்ட பிறகு வேரோடு பெயர்த்து, இருட்டுக் கொட்டகைக்குள் வைக்கிறார்கள். வெளிச்சமே இல்லாததால் இலையால் ஒன்றும் தயாரிக்க முடியாது. வேரில் சேர்த்து வைத்ததைச் சர்க்கரையாக மாற்றித்தான் தண்டு நீள்கிறது. அதனால்தான் அவ்வளவு இளசு, புளிப்பும் மட்டு. அறுவடையும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான். 2010ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் பாதுகாக்கப்பட்ட பெயர் கொடுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும், விலை அதிகம். ஏப்ரலில் திறந்தவெளித் தண்டு வரத் தொடங்கி ஜூன் வரை ஓடும்.

எந்தத் தண்டானாலும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு தண்ணீர். 700 கிராம் நறுக்கிப் போட்டால் 650 கிராமுக்கு மேல் தண்ணீரையே பாத்திரத்தில் போட்டிருக்கிறோம். சூடு ஏறியதும் தண்டு சட்டென்று இளகி அத்தனையையும் விட்டுவிடும். அந்தத் தண்ணீரை என்ன செய்கிறது என்பதில்தான் இந்த மூன்று பலகாரங்களும் வேறுபடுகின்றன. பழத்தின் மேல் உதிரி மாவு தூவிச் சுடும் க்ரம்பிள் அதை அடியில் தேங்க விடுகிறது. மாவு ஓட்டுக்குள் பழத்தை மூடிச் சுடும் பை மாவுப்பொருள் போட்டுக் கட்டுகிறது. பழத்தை அடியில் அடுக்கிச் சுட்டுக் கவிழ்க்கும் கேக் அதைத் தானே குடிக்கப் பார்க்கிறது. ஓரளவுக்கு மேல் குடிக்க முடியாமல் களியாகிறது.

மூன்றுக்கும் பொதுவான சில விஷயங்கள்

இலையைச் சமைக்கவே கூடாது. முதல் உலகப் போர்க் காலத்தில் காய்கறிப் பஞ்சத்துக்கு மாற்றாக பிரிட்டனில் இந்த இலையைப் பரிந்துரைக்கப்போய் உயிரிழப்பு வரை போனது. ஆக்சாலிக் அமிலம் இலையில் மிக அதிகம். தண்டிலும் கொஞ்சம் உண்டு. சாப்பிட்டதும் பல் மேல் ஏதோ பூசினாற்போல் கூசுவது அதனால்தான். கஸ்டர்ட், க்ரீம், தயிர் என்று பால் பொருள் கூடவே வைத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஆக்சாலிக்கைப் பிடித்துக்கொள்ளும், கூச்சம் குறையும். கால்சியம் ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

அலுமினியம், இரும்புப் பாத்திரம் ஆகாது. புளிப்பு உலோகத்தை அரித்து, நிறம் மங்கி, வாயில் காசு வைத்த மாதிரி ருசி தட்டும். எனாமல், கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதுவும் சரி. தோல் சீவ வேண்டாம். சிவப்பு நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. ஜூன் மாதத் தடித் தண்டுக்கு மட்டும், முருங்கைக்காய் நறுக்கும்போது நாரை இழுப்பது போல, நறுக்கும் முனையிலிருந்து நாரை இழுத்துவிடலாம். பச்சையாக இருந்தால் பழுக்கவில்லை என்று ஒதுக்க வேண்டாம். பச்சைத் தண்டு பல ரகங்களுக்கு இயல்பு, ருசியில் குறையில்லை, நிறம்தான் வராது.

க்ரம்பிள்: மே மாதத் தண்டுக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை

தடித்த, புளித்த, பாதிப் பச்சைத் தண்டு குழைந்துபோனாலும் க்ரம்பிளில் அது குறையாகாது. ஐந்தாறு பேருக்கு, ஒன்றரை லிட்டர் கொள்ளும் ஆழமான பாத்திரம் ஒன்று. 700 கிராம் தண்டை 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 120 கிராம் சர்க்கரை, 10 கிராம் கார்ன்ஃப்ளார், ஒரு ஆரஞ்சுப் பழத்தின் துருவிய தோல் சேர்த்துப் புரட்டிப் பரப்ப வேண்டும். பிப்ரவரித் தண்டானால் சர்க்கரை 90 கிராம் போதும். இஞ்சிப்பாகில் ஊறிய இஞ்சித் துண்டு நான்கைந்து பொடியாக நறுக்கிப் போட்டால் புளிப்புக்கு நல்ல துணை.

மேல்மாவுக்கு 180 கிராம் மைதா, 110 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 80 கிராம் டெமெராரா சர்க்கரை (பெரிய மணியான பழுப்புச் சர்க்கரை), 50 கிராம் ஓட்ஸ், இரண்டு சிட்டிகை உப்பு. வெண்ணெயை மாவோடு விரல் நுனியால் உதிர்க்கும் பதம் தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. புட்டுக்கு மாவு பிசிறுவது போலத்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அங்கங்கே பட்டாணி அளவு வெண்ணெய்க் கட்டி தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் தேய்த்தால் உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் உருகி, மாவு பிசைந்த உருண்டையாகிவிடும். வெந்தால் பிஸ்கட் பலகை மாதிரி ஒரே தட்டாக நிற்கும். சர்க்கரையும் ஓட்ஸும் கடைசியில்தான். பிறகு பதினைந்து நிமிடம் ஃப்ரீசரில். இதைத் தவிர்க்கக் கூடாது. குளிர்ந்த மேல்மாவு ஓவனுக்குள் போனால் வெண்ணெய் உருகுவதற்குள் மாவு இறுகத் தொடங்கும். சூடான மேல்மாவு உருகி பழச்சாற்றுக்குள் இறங்கிவிடும்.

அள்ளித் தூவ வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஆவி வெளியேற வழியின்றி அடிப்பக்கம் கொழகொழப்பாகும். கனம் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் நடுவில் பச்சை மாவு ருசி நிற்கும். 190 டிகிரி, விசிறி ஓவனில் 170, நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். மேலே பொன்னிறம் வந்தது மட்டும் போதாது. ஓரத்தில் சாறு கெட்டியாகிக் குமிழ் விட்டு மாவின் மேல் ஏறி நிற்க வேண்டும். அப்போதுதான் கார்ன்ஃப்ளார் வெந்திருக்கிறது என்று அர்த்தம். எடுத்ததும் பரிமாறாமல் பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் சாறு பாகுபோல் திரளும்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்கு மூன்றில் இதுதான் முழுப் பொருத்தம். கூட ஊற்றும் கஸ்டர்டுக்கும் முட்டை வேண்டாம்: 1837ல் பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரெட் பேர்ட், முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காகச் செய்ததுதான் கஸ்டர்ட் பவுடர்.

பை: ஜூனுக்குக் காத்திருந்தால் பலன் உண்டு

வெறும் ரூபார்ப் பை செய்யலாம்தான். ஆனால் ஸ்ட்ராபெர்ரியும் சேர்ந்து வரும் ஜூனில் செய்கிற பைக்கு ஈடில்லை. வட அமெரிக்காவில் இது இரண்டையும் பிரிக்கவே முடியாத ஜோடி. அங்கே ரூபார்ப்பைப் பழம் என்று சட்டமே சொல்லியிருக்கிறது: 1947ல் நியூயார்க் மாநிலம் பஃபலோவில் சுங்க நீதிமன்றம், வீடுகளில் பழம்போல் பயன்படுத்துவதால் சுங்கவரிக் கணக்கில் இது பழமே என்று தீர்ப்பளித்தது. தாவரவியலில் காய்கறிதான்.

23 சென்டிமீட்டர் தட்டுக்கு 500 கிராம் ரூபார்ப், 350 கிராம் ஸ்ட்ராபெர்ரி, 180 கிராம் சர்க்கரை, 40 கிராம் கார்ன்ஃப்ளார், ஒரு சிட்டிகை உப்பு. எலுமிச்சைச் சாறு எழுதியிருந்தால் தள்ளிவிடுங்கள். இதற்கு இன்னும் புளிப்பு எதற்கு? மேலும் கீழும் மூட 320 கிராம் மைதா, 200 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு டீஸ்பூன் உப்பு, சுமார் 90 மில்லி ஐஸ் தண்ணீர். இரண்டு வட்டாகத் தட்டி, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம்.

பையில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இரண்டு. முதலாவது, அடி வேகாமல் ஈரமாக நிற்பது. பழத்தில் சர்க்கரை பட்டதும் தண்ணீர் விடத் தொடங்கும். அதனால் கலந்து வைத்துவிட்டு மாவு தேய்க்கப் போகக் கூடாது. தேய்த்த மாவு தட்டில் தயாராக இருக்கும்போது கலந்து, நிரப்பி, உடனே ஓவனுக்கு. ஓவனுக்குள் ஒரு கனத்த தட்டை முன்பே சூடேற்றி, பையைக் கீழ்த்தட்டில் அதன் மேல் வைத்தால் அடி முதலில் பிடிக்கும். 220 டிகிரியில் இருபது நிமிடம், பிறகு 180க்கு இறக்கி முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம். விசிறி ஓவனானால் இரண்டிலும் இருபது குறைக்க வேண்டும்.

இரண்டாவது, வெட்டியதும் குளமாக ஓடுவது. கார்ன்ஃப்ளார் முழுதாகப் பிடிக்க நடுப்பகுதியும் 95 டிகிரியைத் தொட வேண்டும். மேல் மூடியில் போட்ட கீறல்களைப் பாருங்கள். ஓரத்துக் கீறலில் சாறு கொதித்தால் பாதிதான் வெந்திருக்கிறது. நடுக் கீறலிலும் சாறு தெளிவாகி, கூழ் கொதிப்பது போல மெதுவாக 'ளொப்' என்று குமிழ் விட வேண்டும். மேலே கருகத் தொடங்கினால் ஃபாயில் போர்த்துங்கள், வெளியே மட்டும் எடுக்க வேண்டாம். பிறகு குறைந்தது நான்கு மணி நேரம் ஆற வேண்டும். சூட்டோடு வெட்டிய ரூபார்ப் பை எவ்வளவு மாவு போட்டாலும் ஓடத்தான் ஓடும். விருந்தினர் சாயங்காலம் வருகிறார்கள் என்றால் காலையிலேயே சுட்டுவிடுவது ஒன்றே வழி.

கார்ன்ஃப்ளாரைவிட மரவள்ளி மாவு இங்கே நன்றாகப் பிடிக்கும் என்பது என் கருத்து. கார்ன்ஃப்ளார் கலங்கலாக நிற்கும், புளிப்பில் வெகுநேரம் கொதித்தால் பிடிப்பும் தளரும். மரவள்ளி மாவில் சாறு கண்ணாடிபோல் சிவப்பாகத் தெரியும். தனியாக வாங்க வேண்டியதில்லை. ஜவ்வரிசியை மிக்ஸியில் நைஸாகப் பொடித்துச் சலித்து அதே 40 கிராம் போடலாம். சலிக்காமல் விட்டால் வேகாத குருணை பல்லில் தட்டும்.

கவிழ்ப்புக் கேக்: பிப்ரவரித் தண்டுக்கான மரியாதை

விலை கொடுத்து வாங்கிய ரோஜா நிறத் தண்டை க்ரம்பிளுக்கு அடியில் புதைப்பது வீண். அதன் அழகு கண்ணுக்குத் தெரிய வேண்டும். 23 சென்டிமீட்டர் வட்ட அச்சு. பக்கவாட்டில் கழற்றும் அச்சு வேண்டாம், பாகு வழிந்து ஓவன் தரையில் கருகும். அடியிலும் பக்கத்திலும் பட்டர் பேப்பர் போட்டு, 50 கிராம் வெண்ணெயையும் 80 கிராம் நாட்டுச் சர்க்கரையையும் உருக்கி ஊற்ற வேண்டும். 400 கிராம் தண்டைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, அச்சின் அகலத்துக்கு வெட்டி நெருக்கமாக ஒரே அடுக்காக வைக்க வேண்டும். இரண்டாவது அடுக்குக்கு ஆசைப்பட்டால் அதன் தண்ணீர் கேக்குக்குள் போய், பழத்துக்கும் கேக்குக்கும் நடுவே பசைபோல் ஒரு களிப் பட்டை உருவாகும். வைத்த தண்டின் மேல் ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் தூவினால் இந்தத் தொல்லை இன்னும் குறையும்.

கலவைக்கு 120 கிராம் வெண்ணெய், 120 கிராம் சர்க்கரை நுரைக்க அடித்து, இரண்டு பெரிய முட்டை, 80 கிராம் கெட்டித் தயிர், 150 கிராம் மைதா, 50 கிராம் பாதாம் பொடி, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு. பாதாம் ருசிக்காக மட்டும் போடுவதில்லை. ஈரம் பட்டாலும் கேக் களியாகாமல் உதிரியாக நிற்க உதவும். தயிர் இருக்கிறதே என்று சமையல் சோடாவை அள்ளிப் போடாதீர்கள். சோடாவின் காரத்தன்மை கூடினால் அந்த ரோஜா நிறம் சாம்பல் நீலமாகத் திரும்பிவிடும், பார்க்கவே மனசு கஷ்டப்படும். 180 டிகிரி, விசிறியில் 160, நாற்பத்தைந்து முதல் ஐம்பது நிமிடம். குச்சியை நடுவில் பாதி ஆழம் மட்டும் குத்திப் பார்க்க வேண்டும். அடிவரை குத்தினால் பழம் ஒட்டித்தான் வரும். வேகவில்லை என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் வைத்துக் காயவிட்டுவிடுவோம்.

எடுத்ததும் பத்து நிமிடம் பொறுத்துக் கவிழ்க்க வேண்டும். உடனே கவிழ்த்தால் உடையும். அரை மணி நேரம் விட்டால் பாகு இறுகி பழம் பேப்பரோடு போய்விடும். இந்தக் கேக் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். மறுநாள் ஈரம் ஊறிக் கனத்துவிடும். க்ரம்பிளை மறுநாள் ஓவனில் சூடாக்கினால் மொறுமொறுப்பு ஓரளவு மீளும். பையோ இரண்டாம் நாளில் வெட்டுவதற்கு இன்னும் ஒழுங்காக இருக்கும்.

ஜெர்மனியில் மெரிங் (முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்த நுரை) பூசிய ரூபார்ப் கேக்கைக் கொண்டாடுவார்கள். புளிப்பும் இனிப்பும் நன்றாகவே ஒட்டும். ஆனால் மெரிங் அடியில் நீர் விடும் சங்கடம் உண்டு, முதல் மூன்றும் கைக்குப் பழகிய பிறகு முயலலாம். ஜூன் 24க்குப் பிறகு தண்டு பிடுங்குவதில்லை என்பதும் அங்கே வழக்கம். அடுத்த வருடத்துக்கு வேர் சேமிக்க வேண்டுமே. அதற்கு முன் கூடுதலாகக் கிடைத்தால் 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி இரண்டு மணி நேரம் உறையவைத்து, பிறகு கவரில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். உறைந்த தண்டின் திசு கிழிந்துவிடுவதால் கவிழ்ப்புக் கேக்குக்கு அது உதவாது, கூழாகிவிடும். க்ரம்பிளுக்கு உருகவிடாமல் அப்படியே போட்டு, கார்ன்ஃப்ளாரை 20 கிராமாக்கி, பத்து நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். பைக்கு என்றால் வடிகட்டியில் முழுக்க உருகவிட்டு, வடிந்த சாற்றை மூன்று மேசைக்கரண்டி ஆகும்வரை சுண்டக் காய்ச்சி, ஆறிய பின் பழத்தோடு திரும்பச் சேர்க்க வேண்டும். நிறமும் மணமும் அந்தச் சாற்றில்தான் இறங்கியிருக்கும்.