ஆஸ்டின் செவன் அல்ஸ்டர்: 747 சிசி-யில் 500 மைல்

1930 அக்டோபரில் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் தடத்தில் 500 மைல் ஹேண்டிகேப் பந்தயம் நடந்தது. இரண்டாவதாக வந்த 4.4 லிட்டர் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) பென்ட்லியின் சராசரி வேகம் மணிக்கு 112 மைல். ஜெயித்த சின்னக் காரான ஆஸ்டின் செவன் அல்ஸ்டருக்கோ 83.41 மைல்தான். ஓட்டியவர்கள் சாமி டேவிஸ், எர்ல் ஆஃப் மார்ச். சின்ன எஞ்சின்களை முதலில் அனுப்பிவிட்டு, பெரியவற்றைக் காத்திருக்க வைப்பது அந்தப் பந்தய முறை. இந்த இரண்டு கார்களும் புறப்பட்ட நேரத்துக்கு இடையே ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி. ஆனால் நடுவில் ஒருமுறை எஞ்சின் படுத்தாலும் அந்தச் சலுகை கரைந்துவிடும். ஆறு மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடியதுதான் இந்தக் காரின் பெருமை. முந்தைய ஆண்டு வட அயர்லாந்தில் நடந்த அல்ஸ்டர் டிடி பந்தயத்திலும் ஃப்ரேசர்-நாஷ் ஓட்டிய செவன் மூன்றாவதாக வந்தது. காருக்கு அல்ஸ்டர் என்ற பெயர் வந்ததும் அங்கிருந்துதான்.

அதே உழைப்பை இன்று எதிர்பார்த்து வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கிராங்க்‌ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. முன்னால் பால் பேரிங், பின்னால் ரோலர் பேரிங். நடுவில் தாங்க எதுவும் இல்லை. சுற்று வேகம் ஏறினால் நடுப்பகுதி வளையும். அந்த வளைவு திரும்பத் திரும்ப நிகழ்ந்து விரிசலாகி ஒருநாள் முறியும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது என்று நம்பிப் பூட்டக் கூடாது. எஞ்சினைப் பிரித்தால் காந்த முறையில் விரிசல் சோதனை செய்த பிறகே மறுபடி பூட்ட வேண்டும்.

அடுத்தது ஆயில். அல்ஸ்டர் என்று விற்கப்படும் பல கார்கள் சாதாரண செவனின் அடிச்சட்டத்தில் பிற்காலத்தில் கட்டியவை. அவற்றின் எஞ்சின் பெரும்பாலும் சாதாரண வகைதான். அதில் கிராங்க்கேஸில் (கிராங்க்‌ஷாஃப்ட் இருக்கும் கூட்டில்) உள்ள சிறு ஜெட்கள், அதாவது நுண்துளைகள், பீய்ச்சும் ஆயில்தான் பிக் எண்டுக்கு (பிஸ்டன் தண்டு கிராங்க்‌ஷாஃப்டைப் பிடிக்கும் பேரிங்குக்கு) போகிறது. ஆயில் அழுத்தம் மிகக் குறைவாகக் காட்டுவது இங்கே இயல்பு. அதைப் பார்த்துப் பம்பைக் கழற்ற வேண்டாம். கசடு சேர்ந்து ஜெட் அடைத்துக்கொண்டால்தான் ஆபத்து, பிக் எண்ட் உருகிவிடும். கிராங்க்கேஸ் பக்கத்திலுள்ள அடைப்புத் திருகைக் கழற்றி, மெல்லிய கம்பியால் ஜெட்டைச் சுத்தம் செய்யலாம். சூப்பர்சார்ஜர் உள்ள கார் என்றால் அதற்குப் போகும் ஆயிலையும் தனியாகப் பார்க்க வேண்டும். கோசெட் வகைச் சூப்பர்சார்ஜரில் தகடுகள் உரசி ஓடுவதால், ஆயில் நின்றால் இறுகிவிடும்.

சாலையில் பிடிப்பு சுமார்தான். பின்பக்கம் உள்ள கால்-நீள்வட்ட (quarter-elliptic) பட்டை ஸ்பிரிங்குகளால், வளைவில் உடல் சாயும்போது பின் அச்சும் சேர்ந்து திரும்பும். காரின் பின்பகுதி வெளிப்பக்கம் வழுக்கிப் போகும். முன் அச்சைப் பிடிக்கும் கையின் பந்து மூட்டு தேய்ந்திருந்தால் நேர்ப்பாதையிலும் கார் அலையும். இதைச் சரிசெய்யாமல் ஸ்டியரிங் பெட்டியை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை.

கிளட்ச் பெடல் ஓர் அங்குலம்கூட நகராது. பாதி அழுத்தி நகர்த்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு முதலில் கார் துள்ளும் அல்லது நின்றுவிடும். பிரேக் கேபிளில் இயங்குவது. நான்கு சக்கரமும் ஒன்றுபோல் பிடிக்கும்படி சரிபார்க்காமல் பந்தயத் தடத்தில் இறக்கக் கூடாது.